இரு நாடுகள் கூடி நடாத்திய கிண்ணம்: வியாபாரிக்கு அதில் என்ன பாடம்?

2002ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை கொரியாவும் ஜப்பானும் கூட்டாக நடாத்தின. அங்கு பிற்பகலிலும் இரவிலும் நடந்த போட்டிகள் நமக்கு நண்பகல் முதல் மாலை வரை, அதாவது சரியாகக் கடை திறந்திருக்கும் நேரத்தில் வந்தன. பதுளை பஸார் வீதியில் தொலைக்காட்சி வைத்திருந்த கடை வாசலில் எல்லாம் கூட்டம்தான்.

அன்று சிறு புடவைக்கடை வைத்திருந்த நானும் ஒரு கணக்குப் போட்டேன். பிரான்ஸ் அப்போதைய உலகச் சம்பியன். ஆர்ஜென்டீனா என்றால் பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்ட இளைஞர்களுக்கு உயிர். புறக்கோட்டையில் இவ்விரு அணிகளின் ஜேர்சிகளை, பின்திகதியிட்ட காசோலை கொடுத்து கடனுக்கு எடுத்து வந்தேன். தோட்டங்களில் பத்தாந் திகதியளவில் சம்பளம் கிடைத்ததும் விற்றுவிடலாம் என்பது என் எண்ணம். ஜூன் 11ஆம் திகதி பிரான்ஸ் வெளியேறியது. மறுநாள் ஆர்ஜென்டீனாவும் வெளியேறியது. அதன் பின்னர் கடைக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் பிரேசிலின் மஞ்சள் ஜேர்சி. அது என்னிடம் இல்லை. காசோலைக்குரிய திகதி மட்டும் தவறாமல் வந்தது.

இக்கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. போட்டியை நடாத்திய அவ்விரு நாடுகளும் எவ்வாறு கூட்டுச் சேர்ந்தன என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். முதலில் அவை போட்டி போட்டு தனித்தனியாகவே கேட்டன. 1996இல்தான் கூட்டாக நடாத்தும் முடிவு வந்தது. 64 போட்டிகளையும் ஆளுக்கு 32 எனப் பிரித்தனர். ஆரம்பப் போட்டி சியோலுக்கு, இறுதிப் போட்டி யோக்கோஹாமாவுக்கு. இறுதிப் போட்டி ஜப்பானுக்குப் போனதால் பெயரில் கொரியா முதலில் வந்தது. யாருக்கு எது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஆனால் செலவில் அந்தக் கவனம் இருக்கவில்லை. ஆளுக்குப் பத்தாக 20 மைதானங்கள், அவற்றில் பெரும்பாலானவை புதியவை. கிண்ணம் முடிந்த பின்னர் அவற்றுட் பலவற்றின் பராமரிப்பு உள்ளூர் நிர்வாகங்களுக்குச் சுமையாகியது.

இதே முறையில் நமது நாடும் ஒரு கிண்ணத்தை நடாத்தியிருப்பது பலருக்கு நினைவிருக்காது. 2008 ஜூனில், நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், தெற்காசிய உதைபந்தாட்டச் சம்பியன்ஷிப்பை இலங்கையும் மாலைதீவும் சேர்ந்து நடாத்தின. எட்டு அணிகள், இரண்டு பிரிவுகள். மாலைதீவு, இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மாலேயில் ஆடின. இலங்கை, பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான், பூட்டான் கொழும்பில் ஆடின. இதற்கென்று புதிய மைதானம் எதுவும் எழுப்பப்படவில்லை. 14ஆம் திகதி சுகததாச மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் மாலைதீவு 1-0 என இந்தியாவை வென்று முதற்தடவையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கையில் இருப்பதைக் கொண்டு, தாங்கக்கூடிய அளவில் செய்த கூட்டு அது.

ஊவா வியாபாரிக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்கலாம். நேரடியாகப் பெரிதாக ஒன்றுமில்லை. கொழும்பில் பந்தாட்டம் பார்க்க வந்தவர் பதுளைக்கு ஏறி வரவில்லை. ஆனால் மாலைதீவு நமக்குப் புதிய வாடிக்கையாளர் அல்ல. நமது பலசரக்குக் கடைகளில் மாசி நெடுங்காலமாக அங்கிருந்தே வருகிறது. பயிர்ச்செய்கைக்கு நிலம் குறைந்த அத்தீவுகளுக்கு இலங்கையிலிருந்து மரக்கறியும் பழமும் தேயிலையும் போகின்றன. கிண்ணம் இரண்டு வாரத்தில் முடிந்தது. அங்குள்ள உல்லாச ஹோட்டல்களின் சமையலறை வருடம் முழுவதும் எரிகிறது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து கரட்டுக்கும் கோவாவுக்கும் போஞ்சிக்கும் வழி தேடுபவர் பார்க்க வேண்டியது அந்தச் சமையலறையைத்தான்.

ஆகவே நண்பர்களே, கூட்டு வியாபாரம் தொடங்கும்போது இலாபம், நட்டம், பெயர்ப்பலகை, சாவி யாரிடம் என்பதையெல்லாம் முதல் நாளே எழுத்தில் வையுங்கள். இருக்கின்ற கடையைக் கொண்டு தொடங்குங்கள். விழாக்காலச் சரக்கை எடுப்பதானால் கைக்காசுக்கு எடுங்கள், அல்லது விற்காததைத் திருப்பித் தரும் உடன்பாட்டோடு எடுங்கள்.

போட்டி நடக்கும் நேரத்தையும் பாருங்கள். 2026 உலகக் கிண்ணம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளுக்குக் கொடுக்கப்பட்டது. 48 அணிகள், 104 போட்டிகள். ஆனால் அங்கு பகல் என்றால் நமக்கு இரவு. 2002இல் நம் கடை வாசலில் நின்ற கூட்டம் அவ்வேளையில் வீட்டில் இருக்கும். கிண்ணம் பெரிதாகிவிட்டது என்பதற்காக நமது கடை வியாபாரமும் பெருகும் என்று எண்ணிக் காசோலை எழுத வேண்டாம்.

எனது கடையில் மீந்த ஜேர்சிகளை முதலுக்கும் குறைவாகவே விற்றேன். அந்த நட்டம் எனக்குக் கற்பித்தது இவ்வளவுதான்: எந்த அணி வெல்லும் என்பதில் முதலைப் போடாதீர்கள், எந்த அணி வென்றாலும் விற்கக்கூடிய சரக்கில் போடுங்கள்.