கீழே கிடந்ததை எடுத்தால் திருட்டா?

2010 மார்ச் மாதம், கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் ஆப்பிள் பொறியாளர் ஒருவர் ஒரு பீர் கடையில் கைப்பேசியை மறந்துவிட்டுப் போனார். பார்வைக்குச் சாதாரண ஐபோன் 3ஜிஎஸ். உறையைக் கழற்றினால்தான் சங்கதி தெரியும்: அது இன்னும் வெளிவராத ஐபோன் 4-இன் சோதனை மாதிரி. அடுத்த மாதமே கிஸ்மோடோ என்ற தொழில்நுட்ப இணைய ஏடு அதை எடுத்தவரிடமிருந்து 5,000 டாலருக்கு வாங்கிப் பிரித்துப் படம்பிடித்து, ஏப்ரல் 19-ஆம் தேதி ஊரறியப் போட்டுடைத்தது. சில நாட்களில் அந்த ஏட்டின் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்த போலீஸ் கணினிகளை அள்ளிக்கொண்டு போனது.

யாரும் யார் பையிலும் கைவிடவில்லை. பூட்டையும் உடைக்கவில்லை. அப்படியானால் திருட்டு எங்கே நடந்தது?

கலிபோர்னியச் சட்டப்படி, உரிமையாளரைக் கண்டுபிடிக்கத் துப்பு இருந்தும் போதிய முயற்சி எடுக்காமல் பொருளைத் தனதாக்கிக் கொள்வது திருட்டே. எடுத்தவருக்குத் துப்பு இருந்தது. கைப்பேசியின் ஃபேஸ்புக் பக்கத்தில் சொந்தக்காரர் பெயரே தெரிந்தது. ஆப்பிளின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிப் பார்த்ததாக ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. தொலைத்தவரோ அந்த பீர் கடைக்கே திரும்பத் திரும்ப போன் போட்டு விசாரித்துக் கொண்டிருந்தார். அங்கே கொடுத்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். 2011-இல் எடுத்தவர் மீதும் விற்க உதவியவர் மீதும் வழக்கு பாய்ந்தது. ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 40 மணி நேரச் சமூகச் சேவை, ஆப்பிளுக்கு 250 டாலர் இழப்பீடு. காசு கொடுத்து வாங்கிய ஏட்டின் மீது வழக்கே இல்லை.

இதே சம்பவம் ஈப்போவுக்கு வடக்கே, செமோரில் ஒரு கோப்பிக்கடை மேசையில் நடந்திருந்தால் கணக்கு வேறு. மலேசியத் தண்டனைச் சட்டம் இரண்டு தனிக் குற்றங்களைப் பேசுகிறது. 378-ஆவது பிரிவின்படி திருட்டு என்றால், ஒருவர் வசம் உள்ள பொருளை அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு நகர்த்துவது. யார் வசமும் இல்லாமல் கிடந்த பொருளைக் கபளீகரம் செய்வது 403-ஆவது பிரிவு.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலுக்குப் பக்கத்தில் காவல் இல்லாவிட்டாலும் அது தோட்டத்தின் வசம்தான் இருக்கிறது. ராத்திரியில் போய்ச் சாக்கில் கட்டினால் திருட்டு. லாரியிலிருந்து உருண்டு சாலையோரம் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் கட்டியை எடுத்தால் 378 பாயாது, 403 பாயலாம். இரண்டில் எதுவானாலும், விவரம் தெரிந்தே வாங்கும் வியாபாரிக்கு 411-ஆவது பிரிவு காத்திருக்கிறது. கோப்பிக்கடை மேசை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மறந்து வைத்த பொருள் கடைக்காரர் வசம் வந்துவிட்டது என்று வாதாட இடமுண்டு.

திருட்டு இல்லை என்றதும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். 379-இன் கீழ் முதல் முறை திருடியவர் வெறும் அபராதத்தோடு தப்ப முடியும். உச்சம் ஏழாண்டுச் சிறை. 403-இல் உச்சம் ஐந்தாண்டுதான், ஆனால் குறைந்தது ஆறு மாதச் சிறை கட்டாயம். பிரம்படியும் உண்டு, அபராதமும் சேரலாம். பெண்களுக்கும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி மட்டும் விலக்கு. பேரில் சின்னதாகத் தெரியும் குற்றத்துக்குக் கனத்த அடித்தளம்!

எடுப்பதையே சட்டம் குற்றம் என்கிறதா? இல்லை. பத்திரப்படுத்தவோ திருப்பிக் கொடுக்கவோ எடுத்தவர் குற்றவாளி அல்ல. சொந்தக்காரர் யாரென்று தெரிந்த பிறகோ, தெரிந்துகொள்ள வழி இருந்தும் தேடாமலோ அதைத் தனதாக்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, விசாரிக்காமல் உடனே விற்பவன் குற்றவாளி என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. மெக்காலே தலைமையில் 1837-இல் வரையப்பட்டு, 1860-இல் இந்தியாவில் சட்டமாகி, 1871-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்த வாசகம் இது. பூட்டுத் திரையிலேயே சொந்தக்காரருக்கு அழைப்பு வரும் காலத்தில், "யாருடையது என்று தெரியவில்லை" என்ற சாக்கு மோதிரக் காலத்தை விட வெகுவாக இளைத்துவிட்டது.

சோதனை மாதிரியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் மதிப்பு கண்ணாடியிலும் உலோகத்திலும் இல்லை, ரகசியத்தில் இருக்கிறது. ரகசியத்தைத் திருட முடியுமா? இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வரவிருந்த தேர்வின் வினாத்தாள் அச்சுப்படியைக் கைப்பற்றிப் படித்தார். தாளைத் திருப்பித் தரவே அவர் எண்ணியிருந்ததால், தகவலைத் திருடியதாக வழக்கு போட்டார்கள். தகவல் சட்டம் சொல்லும் 'சொத்து' ஆகாது என்று நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. நம் தண்டனைச் சட்டத்திலும் அசையும் சொத்து என்றால் தொட்டறியக்கூடிய பொருள்தான். ஆகவே எடுத்த படமும் பார்த்த நுணுக்கமும் பெரும்பாலும் ரகசியக் காப்பு மீறல் என்ற உரிமையியல் வழக்குக்கே போகும்.

ஆனால் "பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேனே" என்ற பேச்சு இங்கே எடுபடுவது கடினம். ராஜஸ்தானில் அரசு ஊழியர் ஒருவர் அலுவலகக் கோப்பை வெளியே கொண்டுபோய் நண்பருக்குக் கொடுத்தார்; தாள்களை மாற்றிய பின் கோப்பு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டுதான் என்று 1962-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மலேசிய நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 378-ஆவது பிரிவின் வாசகம் ஒரே மூலத்திலிருந்து வந்தது என்பதால், இந்திய வழக்குகளை இங்கே மேற்கோள் காட்டுவது புதிதல்ல.