மூன்றாவது காது

எழுபதுகளில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் தாய்க்குச் சேதி சொல்ல நீலநிற இன்லேண்ட் லெட்டர்தான் வழி. எழுதத் தெரியாதவள் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைப் பிடிக்க வேண்டும். படிக்கத் தெரியாத தாய்க்கு அங்கே தபால்காரரே படித்துக் காட்டுவார். பிறத்தியார் கையும் காதும் நடுவில் இருக்கும்போது, "இங்கு யாவரும் நலம்" என்பதைத் தாண்டி என்ன எழுதிவிட முடியும்? மாமியாரின் பேச்சு, தள்ளிப்போன நாள், அடகுக்குப் போன கம்மல் எல்லாம் ஆடி அழைப்புக்கோ, பெருநாளுக்கோ, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கோ தாய்வீடு வரும்வரை மனசுக்குள்ளேயே கிடக்கும்.

எஸ்.டி.டி. பூத் வந்தபோது குரல் கிடைத்தது, தனிமை கிடைக்கவில்லை. இந்தப் பக்கம் மீட்டரில் காசு ஓடும். அந்தப் பக்கம் தெருவில் போன் இருக்கும் ஒரே வீட்டுக் கூடத்தில், அந்த வீட்டார் பார்க்க, அம்மா நின்று பேசுவாள். பிறகு வந்த முதல் செல்போன் பெரும்பாலும் கணவரின் சட்டைப்பையில் இருந்தது. 2003-இல் உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் போனதும் மகள் 'மிஸ்டு கால்' விடக் கற்றுக்கொண்டாள்.

இதற்கிடையே இந்த ஊர்களின் தோல் தொழிலும் மாறியது. அரைப் பதத் தோலாகக் கப்பலேற்றுவதற்கு எழுபதுகளில் அரசு கட்டுப்பாடு போட்டது. தோலை முழுதாகப் பதனிட்டுப் பொருளாக்கி விற்கும் திசைக்குத் தொழில் திரும்ப, ஷூ கம்பெனிகள் பெருகின. ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கப் பெண்கள் வந்தார்கள். விடிந்தும் விடியாமலும் கிராமங்களுக்குக் கம்பெனி வண்டி வரத் தொடங்கியது. அந்தச் சம்பளத்தில்தான் பல பெண்கள் தமக்கென்று ஒரு போன் வாங்கினார்கள்.

2016-க்குப் பின் டேட்டா மலிந்ததும் எழுத்தே தேவைப்படாமல் போயிற்று. அம்மா வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு அப்பர் தைத்தபடியே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறாள். தமிழோ உருதுவோ, வாயில் வருவதே போதும். மகள் அதைச் சாப்பாட்டு இடைவேளையில் கேட்கிறாள். நேரம்தான் இப்போது குறை: வேலை, வண்டி, அடுப்பு, பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று நாள் ஓடிவிடுகிறது.

தாயின் பாடும் மாறியிருக்கிறது. அன்று மகளின் துயரம் ஆறிய கதையாக வந்தது. அழுதுவிட்டு, புத்தி சொல்லி அனுப்பலாம். இன்று சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே குரல் வந்துவிடுகிறது. உடனே கிளம்புவதா, விடியட்டும் என்று இருப்பதா என்பதை அவள் அந்த நிமிடமே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது காது முற்றிலும் ஒழிந்துவிடவும் இல்லை. மனைவியின் போனைத் திறந்து பார்ப்பதை உரிமையாக நினைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அதனால்தான், "கேட்டுட்டு அழிச்சிடும்மா" என்று அம்மா கடைசியில் சேர்த்துச் சொல்கிறாள். தன் சம்பளத்தில் வாங்கிய போனுக்குத் தானே பூட்டுப் போடும் மகளிடம் அப்படிச் சொல்ல வேண்டியிருப்பதில்லை.