தொழிலும் இயல்பும்

நீதிபதி என்றதும் சிரிப்பறியாத முகமும், கணக்கர் என்றதும் செலவிடத் தயங்கும் கையும், அறிவியலாளர் என்றதும் கலைந்த தலைமுடியும் மறதியும் பலர் மனத்தில் தோன்றுகின்றன. ஒருவரோடு பழகி அறியும் முன்பே, அவர் செய்யும் தொழிலைக் கொண்டு அவருடைய குணம் முடிவு செய்யப்படுகிறது.

ஒரு குழுவினர் அனைவர்க்கும் ஒரே குணத்தை ஏற்றிக் காணும் இம்மனப்படத்தை ‘வார்ப்பெண்ணம்’ எனலாம். கோத்த எழுத்துகளின் வடிவைப் பதிவெடுத்து, உலோகத்தை உருக்கி வார்த்து ஒரே தகடாக்கும் முறை அச்சுக்கலையில் உண்டு. அத்தகட்டைக்கொண்டு எத்தனை படிகள் எடுத்தாலும் அனைத்தும் ஒன்றுபோலவே அமையும். ‘ஸ்டீரியோடைப்’ என்னும் அத்தகட்டின் பெயரையே, அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன், பொதுமக்கள் கருத்தைப் பற்றி 1922இல் வெளியிட்ட நூலில் இம்மனப்படத்திற்கு எடுத்தாண்டார்.

வார்ப்பெண்ணம் தோன்றக் காரணங்கள் பல. தொழிலுக்குரிய கடமையை, அதனைச் செய்பவரின் பிறவிக் குணமாகக் கொள்வது முதற்காரணம். வழக்கு மன்றத்தில் நடுநிலை காக்க வேண்டியே நீதிபதி தம் உணர்ச்சிகளை அடக்குகிறார். வீட்டிலும் அவர் அவ்வாறே இருப்பார் என்பது ஊகமே. கதைகளும் திரைப்படங்களும் மாந்தரை எளிதில் அடையாளம் காட்ட இவ்வுருவங்களை மீண்டும் மீண்டும் கையாள்கின்றன. எண்ணத்திற்குப் பொருந்துவோர் நினைவில் தங்குகின்றனர்; பொருந்தாதோர் விதிவிலக்கென ஒதுக்கப்படுகின்றனர்.

தொழில் சில பழக்கங்களை வளர்க்கும் என்பது உண்மையே. எனினும், பழக்கம் மட்டுமே மனிதர் அல்லர். மாயவரத்தில் மாவட்ட முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளைதான், 1879இல் தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை நகைச்சுவை ததும்ப வழங்கினார். நடிப்போரைக் ‘கூத்தாடிகள்’ என இகழ்ந்த காலத்தில், பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கி நாடகம் எழுதினார், தாமே நடித்தார். வழக்கறிஞராக இருந்த அவர், பின்னர்ச் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் பணியாற்றினார். உலகம் உயர்த்திய தொழிலும் தாழ்த்திய தொழிலும் ஒரே மனிதரிடம் ஒருங்கே விளங்கின.

வார்ப்பெண்ணம் பிறரைத் தவறாக எடைபோடச் செய்வதோடு நிற்பதில்லை. இளையோர் தமக்குரிய வழியைத் தேர்வதிலும் அது குறுக்கிடுகிறது. கனடா முதலிய நாடுகளில் 4,807 சிறுவர் சிறுமியரிடம் அறிவியலாளர் ஒருவரை வரையச் சொல்லி நடத்திய ஆய்வை டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்டார். வெள்ளை மேலங்கி, மூக்குக்கண்ணாடி, தாடி ஆகியன அப்படங்களில் மிகுதியாக இடம்பெற்றன. பெண் அறிவியலாளரை வரைந்தோர் 28 பேரே. அவர்கள் அனைவரும் சிறுமியர். தன்னைப் போன்ற ஒருவரைக் காணாத துறையைத் தனக்குரியதன்று எனக் குழந்தை விலக்கிவிடக்கூடும். ஆயினும், இவ்வெண்ணம் மாற்ற இயலாதது அன்று. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை, பெண்களை வரையும் வழக்கம் காலப்போக்கில் பெருகியதைக் காட்டியது.

இம்மாற்றத்திற்குத் துணிந்தவர்களின் வாழ்வே வழியமைக்கிறது. 1940களில் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றவர் அ. லலிதா. இளமையிலேயே கணவரை இழந்த அவர், கைக்குழந்தையை வளர்த்துக்கொண்டே கல்வியைத் தொடர்ந்தார். அவர் பட்டம் பெற்றபோது, சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே முன்னதாக அச்சிடப்பட்டிருந்தது. அச்சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுத வேண்டியதாயிற்று. மேல்நிலைக் கல்வியின் வாயிலில் துறையைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், அத்துறையினரைப் பற்றிய மனப்படத்தை அன்று, தம் ஆர்வத்தையும் ஆற்றலையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.