தொலைபேசியில் விலங்கு பூட்டுகிறார்களாம்!

கைது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1938-இல் இந்தி எதிர்ப்புப் போரில் தாய்மார்கள் குழந்தைகளோடு சிறை புகுந்தனர். 1965-இல் சிறைகள் நிரம்பின. அன்று போலீசார் நேரில் வந்து அழைத்துப் போனார்கள். “விடுதலை வேண்டுமா, வங்கிப் பணத்தை அனுப்பு” என்று எவரும் கேட்டதில்லை!

இன்றோ ‘டிஜிட்டல் கைது’ என்றொரு புதுமை! ஆயுள் முழுதும் ஆலையில் உழைத்து, சேமநிதிப் பணத்தோடு வீட்டில் அமர்ந்திருக்கும் பெரியவருக்கு அழைப்பு வருகிறது. “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது” என்கிறது குரல். பிறகு வீடியோவில் காக்கிச் சட்டை தோன்றுகிறது. மரியாதை பறந்து விடுகிறது. “கேமராவை அணைக்காதே! மனைவியிடமும் மூச்சு விடாதே! பணத்தைச் சரிபார்த்துத் திருப்பித் தருவோம்!”

ஏன் மூச்சு விடக் கூடாது? பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தாலே நாடகம் கலைந்து விடுமே!

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. வீடியோவில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆனாலும் அரியானாவின் அம்பாலாவில் முதிய தம்பதியரிடம் உச்சநீதிமன்றத்தின் பெயரிலேயே கள்ள உத்தரவைக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்தனர். 2025 அக்டோபரில் அந்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. டிசம்பரில் இத்தகைய மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

வாழ்நாள் வைப்புநிதியை ஒரே நாளில் உடைத்து முன்பின் அறியாத கணக்குக்கு அனுப்பும் முதியவரிடம், “எதற்கு ஐயா?” என்று வங்கி ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்து விடும்? கடன் கேட்கும் தொழிலாளியிடம் மட்டும் கேள்விக்குப் பஞ்சமில்லை!

தோழர்களே, “இந்த வயதில் புத்தி எங்கே போயிற்று?” என்று அப்பாவிடம் சீறாதீர்கள். சீறினால் அடுத்த அழைப்பை அவர் மறைத்து விடுவார். பக்கத்தில் உட்காருங்கள். முதலில் தொடர்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். ஐயமிருந்தால் நம்மூர்க் காவல் நிலையத்துக்கே அவரோடு நடந்து போங்கள்.

பணம் போய்விட்டதா? அழுது கொண்டிருக்க நேரமில்லை. அது கணக்கு விட்டுக் கணக்குத் தாவுமுன் 1930-க்குச் சொன்னால் முடக்கி வைக்க வழியுண்டு. வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். வந்த எண், செய்தி, ரசீது எதையும் அழிக்காதீர்கள். “கட்டணம் கொடுங்கள், மீட்டுத் தருகிறோம்” என்று பிறகு வருபவன் இரண்டாம் திருடன்.

படிப்பகத்துக் கரும்பலகையில், கூட்ட அறிவிப்புக்குப் பக்கத்தில், 1930 என்று இன்றே பெரிதாக எழுதி வையுங்கள். கண்ணாடி இல்லாமலே பெரியவர்களுக்குத் தெரியட்டும்.