திருப்பும்போது சத்தம் வருகிறதா? வாகனம் சொல்வதைக் கேளுங்கள்

ஒலுவிலில் வேலையை முடித்துக்கொண்டு ஒருநாள் நாம் அட்டாளைச்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிரதான வீதியில் நேரே ஓடும்வரை காரில் ஒரு குறையும் இல்லை. கடற்கரைப் பக்க ஒழுங்கைக்குள் திருப்பியதும் முன்சில்லுப் பக்கமிருந்து 'டக், டக், டக்' என்று சத்தம் வந்தது. 'பிறகு பார்ப்போம்' என்று சில வாரங்கள் ஓடிவிட்டுத்தான் கராஜுக்குப் போனோம்.

"எந்தப் பக்கம் திருப்பக்குள்ள கூடக் கேக்குது, சேர்?" என்று மெக்கானிக் தம்பி கேட்டார். எமக்குப் பதில் தெரியவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஆகவே எம்மிற் பலர் பழைய வாகனங்களையே பேணி ஓட்டுகிறோம். சத்தத்தைச் சரியாக அவதானித்துச் சொன்னால், தேவையற்ற பாகங்களுக்குக் காசு கொடுப்பதைத் தவிர்க்கலாம். சிலவேளை உயிரையும் காக்கலாம்.

முதலில் சிறியவற்றைப் பாருங்கள். சில்லு நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா? மட்காட்டின் உட்புறப் பிளாஸ்டிக் டயரில் உரசுகிறதா? இவை சரியெனில், சத்தத்தின் தன்மையைக் கவனியுங்கள்.

1. திருப்பி ஓடும்போது 'டக், டக்': ஓல்டோ, வகன்ஆர் போன்ற முன்சில்லு இழுக்கும் கார்களில் இது பெரும்பாலும் அக்சிலின் வெளிப்புற சீ.வீ. ஜொயின்ட் தேய்ந்ததன் அடையாளம். வேகம் கூடக்கூடச் சத்தமும் விரைவாகும். வெறுமையான இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள்; பின்னர் மறுபக்கம் திருப்பி ஓட்டுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது கூடுதலாகக் கேட்டால், பெரும்பாலும் வலப்பக்க ஜொயின்டிலேதான் பழுது.

இதன் காரணம் பெரும்பாலும் ஒரு றப்பர் உறைதான். அது கிழிந்தால் கிறீஸ் வெளியே சிதறும். எமது கரையோரத்து மணலும் ஈரமும் உள்ளே போகும். சில்லின் உட்பக்கத்திற் கிறீஸ் தெறித்திருந்தால், சத்தம் தொடங்குமுன்னே உறையை மாற்றிப் புதுக் கிறீஸ் இடுங்கள். சத்தம் தொடங்கிய பின் ஜொயின்டையே மாற்ற வேண்டிவரும். எமக்கு நேர்ந்ததும் அதுதான்.

2. நின்றபடி திருப்பினாலும் முனகல்: ஒயில் பவர் ஸ்டியரிங் உள்ள வாகனங்களில் ஒயில் குறைந்திருக்கலாம், அல்லது பம்ப் பழுதாயிருக்கலாம். 'கீச்' என்ற சத்தமெனில் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ஒயில் குறைந்தால் நிரப்புவது மட்டும் போதாது. எங்கே கசிகிறது என்றும் பார்க்க வேண்டும். மின்சாரப் பவர் ஸ்டியரிங்கில் இந்த ஒயில் இல்லை.

3. நின்றபடி திருப்பும்போது 'கிறீச்' அல்லது 'டொய்ங்': முன் சொக்கப்சோபரின் மேற்பிடியையும் அதிலுள்ள பெயரிங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

4. வேகத்தோடு கூடும் இரைச்சல்: வளைவில் இது கூடிக் குறைந்தால் சில்லு பெயரிங்கைச் சந்தேகியுங்கள். வளைவின் வெளிப்புறச் சில்லிலேதான் பாரம் கூடுதலாக விழும். ஆகவே இடப்பக்க வளைவிற் கூடினால் வலப்பக்கச் சில்லைப் பாருங்கள்.

5. 'டொக்' என்ற இடியும் ஸ்டியரிங்கில் ஆட்டமும்: இதுவே மிக ஆபத்தானது. டைரொட் எண்ட் அல்லது போல் ஜொயின்ட் தேய்ந்திருக்கலாம். போல் ஜொயின்ட் கழன்றால், ஓடும்போதே சில்லு மடங்கி வாகனம் கட்டுப்பாட்டை இழக்கும். இந்த அறிகுறி கண்டால் ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வாகனம் நிற்கும் இடத்துக்கே அழையுங்கள்.

வீட்டிலே சோதிக்கும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. ஜக்கில் மட்டும் நிற்கும் வாகனத்தின் அடியில் எவரும் புகக்கூடாது.

கராஜுக்குப் போகுமுன் நான்கு விடயங்களைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் திருப்பும்போது வருகிறது? ஓடும்போதா, நின்றபடியா? வேகத்தோடு மாறுகிறதா? எப்போது தொடங்கியது? பழைய பாகத்தைக் கழற்றியதும் உங்களுக்குக் காட்டும்படி கேளுங்கள். தேய்வை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோவது இந்த வாகனங்களே. சத்தம் வந்தால் ரேடியோவைக் கூட்டி அதை மறைக்காதீர்கள். ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள்.