மலை இறங்கினால் மருத்துவ அட்டை செல்லாதா?

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது போடிநாயக்கனூரில் என் அத்தையைப் பார்த்தேன். தேவிகுளம் மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, போடியில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த ஆறாம் மாதமே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பதற்றத்தில் அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பத்திரமாக வைத்திருந்த காப்பீட்டு அட்டையை அத்தை எடுத்து நீட்ட, "இது கேரளத்து அட்டை, இங்கே செல்லாது" என்று சொல்லிவிட்டார்களாம். பணிக்கொடையாக வந்த பணத்தில் பாதி அந்தப் பத்து நாளில் கரைந்தது.

"மலையில இருந்தவரைக்கும் டிஸ்பென்சரிக்கு ஒரு சீட்டு இருந்தாப் போதும். எறங்கினதும் நான் எந்த ஊர்க் கணக்கிலயும் இல்லாமப் போயிட்டேனே தம்பி" என்றார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை, மலையிலும் சமவெளியிலும் பெற்றோரை விட்டுவந்திருக்கும் நம் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

வேலையோடு வந்த உரிமை

தோட்டத் தொழிலாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் தோட்ட நிர்வாகமே மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு இருந்துவிட்டன. ஆனால் காய்ச்சலோ பிரசவமோ, நம் மக்கள் நாடியது தோட்டத்து ஆஸ்பத்திரியைத்தான். அந்த உரிமை வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. முதுமையில் நோய் வரும் காலத்தில்தான் வீடும் மருந்தும் ஒரே நாளில் கைவிட்டுப் போகின்றன.

இரு மாநிலங்களும் செய்தவை

அரசுகள் சும்மா இருந்துவிடவில்லை. 2008-இல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய சுவாஸ்த்ய பீமா யோஜனா வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் காப்பீடு. பதிவுக் கட்டணம் 30 ரூபாய்தான். வெளியூருக்குப் பிழைக்கப் போகிறவருக்காக அந்த அட்டையை இரண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது! மத்தியப் பட்டியலில் விடுபட்ட குடும்பங்களைக் கேரளம் தன் செலவில் சேர்த்துக்கொண்டது. 2019-இல் இவையெல்லாம் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி என்ற ஒரே திட்டமாயின. படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. இதில் சேர ரேஷன் அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டது என்ற சான்றும் வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். பிற மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கி வேலை செய்பவரையும் தமிழ்நாட்டுத் திட்டம் ஏற்கிறது. கேரளமோ 2017-இல் வெளிமாநிலத் தொழிலாளருக்கென்றே 'ஆவாஸ்' திட்டத்தைத் தொடங்கியது. இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் உழைத்து ஓய்ந்து சொந்த மண்ணுக்குத் திரும்பும் மூதாட்டி எதில் சேருவார்? தொழிலாளி என்று சொல்ல வேலை இல்லை. உள்ளூர்க்காரர் என்று சொல்ல ரேஷன் அட்டை இன்னும் மாறவில்லை. இந்த இடைவெளியில்தான் என் அத்தை விழுந்தார்.

செய்ய வேண்டியது

அட்டை ஆளைப் பின்தொடர வேண்டும். வேலையையோ வீட்டையோ அல்ல. இதற்குப் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. ஓய்வு பெறுவோர் பட்டியல் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே இருக்கிறது. லயத்தைக் காலி செய்வதற்கு முன்பே அவர்களுடைய அட்டை நிலையைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். எல்லையோர மாவட்டங்களான இடுக்கியும் தேனியும், புது அட்டை கைக்கு வரும்வரை பழைய அட்டையை ஏற்பதென்று தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். விவரங்களைத் தேவிகுளத்தில் தமிழிலும் எழுதி ஒட்டினால் பாதிக் குழப்பம் தீரும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மத்திய ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இருக்கும் குடும்பத்துக்கு, அத்திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் வெளிமாநிலத்திலும் சிகிச்சை உண்டு. உங்கள் பெற்றோரின் அட்டை அந்தப் பட்டியலைச் சேர்ந்ததா, மாநில அரசு தன் செலவில் சேர்த்ததா என்பதை மலை இறங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இறங்கியதும் ரேஷன் அட்டை மாற்றத்தையும் வருமானச் சான்றையும் முதல் வேலையாக வையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. அவசரத்துக்குத் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அன்றைய பதற்றத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அத்தை இப்போது கோலூன்றி நடக்கிறார். ரேஷன் அட்டை வந்துவிட்டது. வருமானச் சான்றுக்கு மனுப் போட்டிருக்கிறோம். ஊருக்குப் பணம் அனுப்பத் தவறாத நாம், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது "அட்டை எங்கே இருக்கிறது, எந்த ஊரில் செல்லும்?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம்.