மரைக்குள் ஒளிந்திருக்கும் பாதை

என்ஜினின் பக்கவாட்டில் திருகியிருக்கும் ஆயில் பிரஷர் சென்சாரைச் சுற்றி எண்ணெய் கசிந்தால், பலரும் பானாவை எடுத்து இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கசிவு நிற்காது. மரையின் வேலை சென்சாரைப் பிடித்து நிறுத்துவது. எண்ணெயைத் தடுப்பது வேறு வேலை. அதற்கு மரைக்குத் துணை வேண்டும்.

சென்சாரின் வெளிமரை உள்மரைக்குள் சுழன்று இறங்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளி, சுழல் படிக்கட்டு போல என்ஜினின் உள்ளிருந்து வெளியே வரை தொடர்ந்து போகிறது. ஜப்பானிய கார்கள் பலவற்றில் இருக்கும் 1/8 அங்குலக் குழாய் மரையை எடுத்துக்கொள்வோம். பெயரில்தான் 1/8 அங்குலம், உண்மையான விட்டம் 10 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. ஏழு சுற்று உள்ளே போனால் ஆழம் 7 மி.மீ. கூட வராது, ஆனால் அந்தச் சுழல் பாதையின் நீளம் ஏறக்குறைய 20 செ.மீ.! சூடேறி இளகிய எண்ணெயை பம்ப் பல மடங்கு காற்றழுத்தத்தோடு தள்ளும்போது, அது இந்தப் பாதையில் மெல்ல ஏறி வெளியே வந்துவிடுகிறது.

இதற்கு முதல் பதில் கூம்பு மரை. 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வீதம் விட்டம் குறைந்துகொண்டே வரும். திருகத் திருக ஆப்பு இறங்குவதுபோல் மரையின் பக்கங்கள் நெருங்கி அழுந்தும். ஆனாலும் உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே மெல்லிய வழி மிஞ்சும். அதையும் மூட வேண்டும் என்று மேலும் மேலும் இறுக்கினால், அந்த ஆப்பே அலுமினிய உறையைப் பிளந்துவிடும்.

மிஞ்சிய வழியை நிரப்பத்தான் டெஃப்லான் டேப். 1938 ஏப்ரல் 6 அன்று டுபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ராய் பிளங்கெட், குளிர்பதன ஆய்வுக்காக வைத்திருந்த சிலிண்டரைத் திறந்தபோது வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். அதுவே டெஃப்லான். இது ஒட்டும் பொருள் அல்ல. வழுக்கிக்கொண்டு இடைவெளிகளில் நசுங்கி நிறையும். 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்.

இன்னொரு வழி இன்னும் வியப்பானது. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய திரவம், காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் வரை இளகியே இருக்கும். மரைக்குள் சிக்கி ஆக்சிஜன் கிடைக்காமல் போனதும், சுற்றியுள்ள உலோகம் துணைசெய்ய, கெட்டியாகிவிடும். காற்றில்லாத இடுக்கில்தான் இறுகும் என்பதால் மரைக்கென்றே பிறந்த பொருள் இது.

வீட்டில் சென்சார் மாற்றுபவர் முதலில், எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வயர் சாக்கெட்டுக்குள் எண்ணெய் இருந்தால் பழுது சென்சாருக்குள். மரையில் எதைப் பூசியும் பயனில்லை. புது சென்சாரின் மரையில் ஏற்கெனவே பூச்சு இருந்தால் அதுவே போதும். மரை நேராக இருந்து வாஷரும் இருந்தால் கசிவைத் தடுப்பது வாஷர்தான். புதிதாகப் போட்டால் சரி. மரையின் வகையும் பொருந்த வேண்டும். அமெரிக்க 1/8 கூம்பு மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று, பிரிட்டிஷ் மரையில் 28. ஒன்றை மற்றொன்றில் போட்டால் முதல் சில சுற்று இறங்கும், பிறகு மரையைக் கெடுக்கும்.

டேப் சுற்றுவதானால், மரையின் நுனியை நம்மைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு கடிகார முள் சுழலும் திசையில் சுற்ற வேண்டும். அப்போதுதான் திருகும்போது பிரியாது. நுனியில் இரண்டு சுற்று வெறுமையாக விட வேண்டும். இல்லையென்றால் கிழிந்த துணுக்கு எண்ணெய் வழிக்குள் போய் அடைக்கும். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றினால் அந்தத் தொடர்பு கெட்டு, மீட்டர் பொய் சொல்லும்.

கூலன்ட் சென்சாருக்கும் இதே இயற்பியல்தான். ஆனால் என்ஜின் முழுதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். வெளியே பாய்ந்த கணத்தில் கொதித்தெழுந்து உடம்பைப் பொசுக்கும்.

பானாவை அழுத்தும் முன், இந்த மரையில் கசிவைத் தடுப்பது வாஷரா, பூச்சா, டேப்பா என்று தெரிந்துகொண்டால் போதும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெளிவாகும்.